மிட்டாயோடு விற்கும் ஜப்பானிய ரோபோ பொம்மை: ஒரு பெட்டி வாங்கினால் முழு ரோபோ கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. ஜப்பானியப் பொம்மை நிறுவனமான பண்டாயின் 'மினிபிளா' வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். சூப்பர் சென்டாய் என்ற ஜப்பானிய டிவி சாகசத் தொடர்களில் வரும் ராட்சத ரோபோவைப் பல பெட்டிகளாகப் பிரித்து, சூப்பர் மார்க்கெட்டின் மிட்டாய் அடுக்கில் விற்கிறார்கள். ஒன்றில் ஒரு வண்டி, இன்னொன்றில் ஒரு விலங்கு. எல்லாம் சேர்ந்தால்தான் ரோபோ. கூடவே பெயருக்கு ஒரு சூயிங்கம். நல்லவேளை, உள்ளே எது என்று பெட்டியிலேயே எண் போட்டிருக்கும். குருட்டு அதிர்ஷ்டம் இல்லை.

பாகங்களை அவை ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டகத்திலிருந்து பிரித்து நாமே பொருத்த வேண்டும், பசை வேண்டாம். நிறத்தில் பாதி ஸ்டிக்கரில்தான் வரும். அவசரப்பட்டு ஒட்டாதீர்கள்: மூட்டுகள் உரசும் இடத்தில் ஸ்டிக்கர் சீக்கிரம் உரியும். முதலில் ஒருமுறை இணைத்துப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.

பழைய பெட்டி வாங்கினால் சூயிங்கத்தைத் தூக்கிப் போடுங்கள். தின்பண்டத்தைவிட இலவசப் பொருளுக்கு மவுசு கூடுவது ஜப்பானில் பழைய கதை. 1980களில் லாட்டே நிறுவனத்தின் 'பிக்குரிமன்' சாக்லேட்டோடு வந்த ஸ்டிக்கருக்காகச் சாக்லேட்டையே குப்பையில் போட்டார்கள் பிள்ளைகள்!

புதிதாகத் தொடங்குபவர் ஒரே ரோபோவின் எல்லா எண்களையும் ஒன்றாக வாங்குவதே நல்லது. விட்டுப்போன ரோபோவின் ஒரு காலைப் பின்னால் தேடினால் விலை கூசாமல் ஏறியிருக்கும்.