"சாய்தளம் கட்டியாகிவிட்டதே" என்பவர்களுக்கு என்ன பதில்?

வணக்கம். மாநகராட்சியின் மாற்றுத்திறனாளிகள் அணுகல் பிரிவுக்குப் பொறுப்பேற்றிருக்கிறீர்கள். தனி நிதி இல்லை, "சாய்தளம் கட்டியாகிவிட்டதே" என்று பொறியாளர்கள் கோப்பை மூடுகிறார்கள் என்கிறீர்கள்.

நிதி கேட்டு அலைவதற்கு முன் கட்டட அனுமதிப் பிரிவுக்குப் போங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 44-ஆவது பிரிவுப்படி, அணுகல் விதிகளுக்கு ஒத்துவராத வரைபடத்துக்கு அனுமதி தரக்கூடாது. பணிநிறைவுச் சான்றும் தரக்கூடாது. வரைபடச் சரிபார்ப்பில் உங்கள் பிரிவின் ஒப்புதல் கட்டாயம் என்று ஆணையரிடம் உத்தரவு வாங்குங்கள். இதற்குப் பணம் வேண்டாம், பிடிவாதம் போதும்.

கட்டிய சாய்தளங்களை டேப் வைத்து அளந்து பாருங்கள். சரிவு 1:12-ஐ மிஞ்சக்கூடாது. அதாவது 45 செ.மீ. உயர வாசலுக்கு 5.4 மீட்டர் நீளம் வேண்டும். நம் ஊர் அலுவலகங்கள் பலவற்றில் இருப்பது பைக் ஏற்றும் சரிவு, அவ்வளவுதான். அளவைப் புகைப்படத்தோடு கோப்பில் வையுங்கள், வாய்வாதம் அடங்கிவிடும்.

"இதெல்லாம் வெறும் வழிகாட்டுதல்" என்று யாராவது சொன்னால், பொது இடங்களில் அணுகல் வசதி கோரி ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைக் காட்டுங்கள். கட்டாயத் தரங்களை வகுக்காமல் பரிந்துரையோடு நிறுத்திக்கொள்வது சட்டத்துக்கு முரண் என்று அது தெளிவாகச் சொல்லிவிட்டது.

நடைபாதைப் பணிகளில், ஒப்பந்ததாரரின் இறுதி பில்லுக்குப் பணம் கொடுக்கும் முன் சக்கர நாற்காலியில் ஒருவரும் வெள்ளைக் கோலுடன் ஒருவரும் முழுத் தூரமும் போய்ப் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே சேருங்கள். அவர்களுக்கு மதிப்பூதியமும் கொடுங்கள்.