நாகப்பட்டினம் மாவட்டம் ஏன் ரொம்ப நாள் இரண்டு துண்டாக இருந்தது?

துண்டுபட்ட மாவட்டம் என்றால், ஒரே கலெக்டர், ஆனால் நிலம் மட்டும் ஒட்டாமல் தனித்தனியாகக் கிடக்கிறது என்று அர்த்தம். அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது ஒருவருக்கே இரண்டு வயல் விழுந்து, நடுவில் மற்றவர் வயல் இருந்தால் எப்படியோ, அப்படித்தான்.

1991 அக்டோபரில் தஞ்சாவூரிலிருந்து நாகை பிரிந்தது. 1997-இல் அதிலிருந்து திருவாரூரும் பிரிந்ததும் நடுப்பகுதி போய்விட்டது. வடக்கே சீர்காழி, மயிலாடுதுறை, தரங்கம்பாடி. தெற்கே நாகப்பட்டினம், கீழ்வேளூர், வேதாரண்யம். இடையில் கடலோரம் காரைக்கால், உள்பக்கம் திருவாரூர் மாவட்டத்தின் நன்னிலம்.

சரி, காரைக்கால் எப்படி நடுவில் வந்தது? 1739-லிருந்து அது பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. (பக்கத்துத் தரங்கம்பாடியில் டென்மார்க்காரர்கள், நாகையில் டச்சுக்காரர்கள் என்று இந்தச் சின்னக் கடற்கரையில் ஆளுக்கொரு கோட்டை!) தரங்கம்பாடியும் நாகையும் பிறகு ஆங்கிலேயரிடம் போய் தஞ்சாவூர் ஜில்லாவில் சேர்ந்துவிட்டன, காரைக்கால் மட்டும் 1954 வரை பிரெஞ்சு நிர்வாகத்திலேயே இருந்ததால் புதுச்சேரியோடு போனது. அதனால் சீர்காழிக்காரர் கலெக்டர் ஆபீசுக்குக் கடலோரச் சாலையில் போனால் இன்னொரு நிர்வாகத்தின் ஊரைத் தாண்டித்தான் நாகைக்குப் போக வேண்டியிருந்தது. 2020 டிசம்பர் 28-இல் வடதுண்டு மயிலாடுதுறை மாவட்டமாக, தமிழ்நாட்டின் 38-ஆவதாகத் தொடங்கிய பிறகுதான் அந்த அலைச்சல் தீர்ந்தது.

அப்புறம், காரைக்காலும் தமிழ்நாட்டு மாவட்டம் என்றே பலர் நினைக்கிறார்கள். அது புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் மாவட்டம்.