பயிர் போனது, பக்குவம் போகவில்லை

கேள்வி: நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு சிறு குழு தொடங்கியிருக்கிறோம். எங்கள் வட்டாரத்து மூத்த உழவர்கள், மீனவர்கள், வீட்டுப் பெரியவர்கள் ஆகியோரின் அனுபவ அறிவைத் திரட்டி, மண்ணும் நீரும் கெடாமல் உணவை விளைவிக்கவும் சேமிக்கவும் பயன்படுத்த விரும்புகிறோம். முதல் மாதத்திலேயே இருநூறு குறிப்புகள் சேர்ந்துவிட்டன. பல ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. எதை நம்புவது? எப்படிச் சோதிப்பது? எப்படிப் பதிவு செய்வது?

பதில்: இருநூறு குறிப்புகளையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அடுத்த குறிப்பைச் சேர்க்கும் முன் கேட்கும் முறையை மாற்றுங்கள். இப்போது உங்கள் நோட்டில் இருப்பவை ‘இதற்கு இதைச் செய்’ என்ற விடைகளாகத்தான் இருக்கும். அந்த விடை எந்த மண்ணில், எத்தனை மழையில், எந்தப் பருவத்தில் பலித்தது என்பது விடுபட்டிருக்கும். முரண்பாடு பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. மேட்டு நிலத்துக்காரர் ஆழ உழு என்பார், பள்ளத்து நிலத்துக்காரர் ஆழ உழாதே என்பார். இருவரும் தங்கள் தங்கள் நிலத்துக்குச் சரியானதைத்தான் சொல்கிறார்கள்.

விவரத்தை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் எடுத்துச் சென்றால் என்ன ஆகும் என்பதற்கு மக்காச்சோளத்தின் கதையையே எப்போதும் சொல்வேன். மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் மக்கள் அதைச் சுண்ணாம்பு நீரிலோ சாம்பல் நீரிலோ வேகவைத்து, ஊறவிட்டு, கழுவி, அதன் பிறகே அரைப்பார்கள். தோல் எளிதாகக் கழன்றுவிடும் என்பது கண்ணுக்குத் தெரிந்த பலன். கண்ணுக்குத் தெரியாத பலன் ஒன்றும் உண்டு. தானியத்தில் உடலுக்கு எட்டாதபடி பிணைந்திருக்கும் நியாசின் என்ற வைட்டமின் அப்போதுதான் விடுபடுகிறது. ஐரோப்பியர்கள் கடல் கடந்து பயிரை எடுத்துச் சென்றார்கள், பக்குவத்தை எடுத்துச் செல்லவில்லை. ஏழைகள் மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஊர்களில் பெலாக்ரா என்ற நோய் பரவியது. வெயில் பட்ட தோல் கருகும், வயிறு கழியும், மனம் கலங்கும், கடைசியில் உயிர் போகும். ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் காஸ்பார் காசால் என்ற மருத்துவர் 1735-லேயே இதை விவரித்திருக்கிறார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஆயிரக்கணக்கானோர் இதற்குப் பலியானார்கள். தொற்றுநோய் என்றே பலரும் நம்பிக்கொண்டிருந்தபோது, உணவுக் குறைபாடுதான் காரணம் என்று ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற அமெரிக்க மருத்துவர் நிறுவினார். நியாசின்தான் மருந்து என்று தெரிந்தது 1937-ல். ஒரு பிடிச் சுண்ணாம்பு எதற்கு என்று யாரும் கேட்காததற்கு இரண்டு நூற்றாண்டுகள் மனிதர்கள் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

ஆகவே உங்கள் முதல் வேலை, ஒவ்வொரு முறையோடும் அதன் பக்குவத்தையும் கேட்டு வாங்குவது. எப்படி என்று ஓர் எடுத்துக்காட்டுடன் சொல்கிறேன். ‘மண் பதமாக இருக்கும்போது உழ வேண்டும்’ என்கிறார் ஒரு பெரியவர். அதை அப்படியே எழுதிக்கொண்டு திரும்பினால் நோட்டில் எதுவும் ஏறவில்லை என்றே பொருள். பதம் என்றால் என்ன? திண்ணையில் கேட்டால் அவரால் சொல்ல முடியாது. நிலத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரு சாண் ஆழத்திலிருந்து மண்ணை அள்ளி உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடிப்பார். கையைத் திறந்து கட்டை விரலால் லேசாக அழுத்துவார். உருண்டை பொலபொலவென்று உதிர்ந்தால் உழலாம். விரல் ரேகை பதிந்து மண் பளபளத்தால் ஈரம் அதிகம், பொறுத்திருக்க வேண்டும். உருண்டையே பிடிபடாமல் தூளாகக் கொட்டினால் பதம் தப்பிவிட்டது. இந்த மூன்று நிலைகளையும் படம் எடுங்கள். அவருடைய விரல்களும் படத்தில் இருக்கட்டும்.

அதன் பிறகு கேட்க வேண்டிய கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமானது: “இவ்வளவு சரியாக இருந்தும் எப்போது இதைச் செய்யமாட்டீர்கள்?” சரிவு நிலமாக இருந்து வானமும் கறுத்துக்கொண்டு வந்தால், பதம் இருந்தாலும் தொடமாட்டேன், இளகிய மண் வெள்ளத்தோடு போய்விடும் என்பார். ஒரு முறை எப்போது பலிக்காது என்று தெளிவாகச் சொல்கிறவரிடம் இருப்பது சொந்த அனுபவம். ‘எங்கும் எப்போதும் பலிக்கும்’ என்று சொல்கிறவர் காதில் விழுந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். உங்கள் இருநூறு குறிப்புகளையும் இந்த ஒரு கேள்வியால் சலித்துப் பாருங்கள்.

பெயர் பெற்ற முறைகளையும் இப்படிச் சலித்துப் பார்க்க வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில் ‘சாய்’ எனப்படும் பழைய குழி நடவு முறை உண்டு. வறட்சியால் பாறைபோல் இறுகிப்போன நிலத்தில், 1980-களின் தொடக்கத்தில் யாகூபா சவாடோகோ என்ற உழவர் அந்தக் குழிகளை வழக்கத்தைவிட அகலமாகவும் ஆழமாகவும் வெட்டி, கோடையிலேயே எருவை இட்டு வைத்தார். எருவைத் தேடிக் கரையான் வந்தது. கரையான் துளைத்த வழியாக மழைநீர் உள்ளே இறங்கியது. சோளமும் கம்பும் விளைந்தன, மரங்களும் எழுந்தன. ஊரார் முதலில் அவரைப் பைத்தியக்காரர் என்றார்கள், பிறகு அவரிடமே கற்றுக்கொள்ள வந்தார்கள். 2018-ல் ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது அவருக்குக் கிடைத்தது. எனக்கு மிகவும் பிடித்த வரலாறு இது. ஆனால் உங்கள் நிலத்தில் மழை அதிகம் என்றால் இதே குழியில் நீர் தேங்கி வேர் அழுகும். மணல் நிலம் என்றால் குழி சரிந்து மூடிக்கொள்ளும். குழி வெட்ட எத்தனை கைகள் வேண்டும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். சவாடோகோவிடமிருந்து கற்க வேண்டியது குழியின் அளவை அல்ல. முன்னோர் முறையை எடுத்து, தன் நிலத்துக்கு ஏற்ப மாற்றி, விளைவைப் பார்த்து மீண்டும் மாற்றினாரே, அந்தப் பழக்கத்தைத்தான்.

எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். காரணம் விளங்காத ஒரே காரணத்துக்காக எதையும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடாதீர்கள். பெரு, பொலிவியா நாடுகளின் ஆண்டிஸ் மலை உழவர்கள் ஜூன் மாதக் கடைசியில் விடியலுக்கு முன் எழுந்து கார்த்திகை விண்மீன் கூட்டத்தைப் பார்ப்பார்கள். அது பளிச்சென்று தெரிந்தால் மழை நன்றாக இருக்கும் என்றும், மங்கித் தெரிந்தால் மழை குறையும் என்றும் கொண்டு, மங்கிய ஆண்டில் உருளைக்கிழங்கு நடவைத் தள்ளிப்போடுவார்கள். வெறும் சகுனம் என்றுதான் தோன்றும். ஆர்லவ், சியாங், கேன் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் இதற்கு விளக்கம் தந்தார்கள். பசிபிக் பெருங்கடலின் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் வானத்தின் உயரத்தில் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய மேகம் படர்கிறது, அதுவே விண்மீன்களை மங்கச் செய்கிறது. அதே எல் நினோதான் சில மாதங்கள் கழித்து அங்கே மழையையும் குறைக்கிறது. விண்மீன் மழையைக் கொண்டுவருவதில்லை, இரண்டுக்கும் பொதுவான காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

இதற்காக எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் வேண்டாம். பருவம் மாறிவருவதால் பூ பூப்பது, பறவை வருவது, காற்று திரும்புவது போன்ற பழைய அறிகுறிகள் இடம் மாறியிருக்கலாம். ‘கடைசியாக இது எந்த ஆண்டு பொய்த்தது?’ என்று கேட்டால் பெரியவர்களே ஒளிக்காமல் சொல்வார்கள். அதையும் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள்.

சோதனைக்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரே நிலத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பட்டைகள் போதும். ஒன்றில் பழைய முறை, மற்றொன்றில் இப்போது செய்துவரும் முறை. சரிவு நிலமாக இருந்தால் இரண்டு பட்டைகளையும் மேலிருந்து கீழாக நீளவாக்கில் போடுங்கள். ஒன்றை மேட்டிலும் மற்றொன்றைப் பள்ளத்திலும் போட்டால் மண்ணின் வேறுபாட்டை முறையின் வேறுபாடாக எண்ணி ஏமாறுவோம். இரண்டுக்கும் ஒரே விதை, ஒரே நாள் விதைப்பு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இதையே மூன்று நான்கு பேருடைய நிலங்களில் செய்து, குறைந்தது இரண்டு பருவங்கள் பாருங்கள். விளைச்சலோடு, போன உழைப்பு நேரம், நீர், வெளியில் வாங்கிய பொருள் எல்லாவற்றையும் எழுதுங்கள். கொஞ்சம் குறைவாக விளைந்தாலும் நீரும் செலவும் பாதியாகக் குறைந்தால் அது தோல்வி ஆகாது.

சில அறிவு ஒரு பட்டையில் அகப்படாது, ஒரு தனி ஆளிடமும் இருக்காது. பாலித் தீவின் அடுக்கு வயல்களில் எந்தப் பகுதி எப்போது நடுவது, எப்போது தரிசாக விடுவது என்பதை ‘சுபாக்’ எனப்படும் நீர்ச் சங்கங்களும் நீர்க் கோயில்களும் சேர்ந்து முடிவு செய்துவந்தன. 1970-களில் புதிய நெல் ரகங்கள் வந்தபோது, தங்கள் முறை வரும்வரை காத்திருக்காமல் எத்தனை தடவை முடியுமோ அத்தனை தடவை நடுமாறு உழவர்களுக்குச் சொல்லப்பட்டது. பூச்சி பெருகியது, நீர்ப் பங்கீடு குலைந்தது. பின்னர் மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங், ஜேம்ஸ் கிரெமர் என்ற சூழலியலாளருடன் சேர்ந்து கணினி மாதிரி அமைத்துப் பார்த்தார். பக்கத்து வயல்கள் எல்லாம் ஒன்றாகத் தரிசு கிடந்தால் பூச்சிக்கு உணவு இல்லை. ஆனால் எல்லாரும் ஒன்றாக நட்டால் நீர் போதாது. இந்த இரண்டு நெருக்கடிகளையும் ஈடுகட்டியதே பழைய கால அட்டவணை என்று தெரிந்தது. எனவே நீர், மேய்ச்சல், மீன்பிடி பற்றிய குறிப்பு எதுவாக இருந்தாலும், இதை யார் யார் கூடி முடிவு செய்தார்கள் என்றும் கேளுங்கள். அந்தக் கூட்டம் கலைந்திருந்தால் முறையை மட்டும் உயிர்ப்பிக்க முடியாது.

அனுபவக் கண்ணுக்கு எட்டாத இடங்களும் உண்டு, அங்கே தயங்காமல் அறிவியலின் துணையைத் தேடுங்கள். தானியச் சேமிப்பு அப்படி ஒன்று. சாம்பல் கலந்து வைப்பது நல்ல முறை. அது தானியங்களுக்கு இடையிலான இடைவெளியை அடைக்கிறது, பூச்சியின் மேல்தோல் மெழுகை உரசி உலரவைத்துக் கொல்கிறது. ஆனால் ஈரத் தானியத்தில் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்சின் நஞ்சுக்கு நிறமோ சுவையோ இல்லை, சமைத்தாலும் முழுதாக அழியாது, நாளடைவில் கல்லீரலைக் கெடுக்கும். உலர்ந்துவிட்டதா என்று பார்க்க எளிய வழி: நன்கு காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தானியமும் இரண்டு மூன்று கரண்டி உலர்ந்த உப்பும் போட்டு, மூடி, ஒரு நிமிடம் குலுக்கி, கால் மணி நேரம் வையுங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் ஈரம் சுமார் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, மறுபடி காயவைக்க வேண்டும். பல்லால் கடித்துப் பதம் பார்க்கும் பெரியவரிடம் இதையும் செய்து காட்டுங்கள். அவர் பல்லும் உப்பும் எத்தனை முறை ஒத்துப்போகின்றன என்று பார்ப்பது உங்கள் இருவருக்குமே பிடிக்கும்.

பதிவு செய்வதில் ஓர் எச்சரிக்கை. எல்லாவற்றையும் வெளியிட வேண்டியதில்லை. பசிபிக் பெருங்கடலில் உள்ள பலாவ் தீவு மீனவர்கள், எந்தெந்த மீன் எந்தப் பிறைநாளில் எங்கே கூடி முட்டையிடும் என்று அறிந்திருந்ததைக் கண்டு கடல் உயிரியலாளர் ராபர்ட் ஜோஹான்ஸ் வியந்தார். அந்த அறிவு அவர்களிடம் இருந்தவரை மீனைக் காக்க உதவியது. இடமும் நாளும் வெளியாட்களுக்குத் தெரிந்தால் ஒரே பருவத்தில் வாரிக்கொண்டு போய்விடுவார்கள். விதை விஷயத்திலும் கவனம் வேண்டும். மெக்சிகோ உழவர்கள் காலங்காலமாகப் பயிரிட்ட மஞ்சள் பீன்ஸுக்கு 1999-ல் அமெரிக்காவில் ஒருவருக்குக் காப்புரிமை தரப்பட்டது. அது செல்லாது என்று முடிவாக 2009 ஆயிற்று. 2010-ன் நகோயா ஒப்பந்தம், மரபு அறிவைப் பயன்படுத்தும் முன் அதை உடையவர்களின் ஒப்புதலையும் பலனில் பங்கையும் வலியுறுத்துகிறது. உங்கள் குழு அளவில் இதைச் செய்வது கடினமில்லை. எதை வெளியிடலாம், எது ஊருக்குள் மட்டும் இருக்க வேண்டும், பெயர் போடலாமா என்று மூன்றையும் கேட்டு, சொன்னவரின் பதிலை அந்தக் குறிப்பின் தலைப்பிலேயே எழுதுங்கள்.

பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். விதைத் தேர்வு, உலர்த்தல், சேமிப்பு, சமையல் பக்குவம் ஆகியவை பல சமூகங்களில் அவர்கள் கையில்தான் இருக்கின்றன. ஆண்கள் சூழ்ந்திருக்கும் கூட்டத்தில் அவர்கள் பேசமாட்டார்கள், அல்லது அவர்களைப் பேசவிடமாட்டார்கள்.

இந்தப் பருவத்துக்கு ஒரு பயிரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றி உங்கள் நோட்டில் மிகவும் முரண்படும் இரண்டு குறிப்புகளைத் தேடி, அவற்றைச் சொன்ன இருவரையும் ஒரே நாளில் இருவருடைய நிலங்களுக்கும் அழைத்துச் செல்லுங்கள். ஒருவர் மண்ணை மற்றவர் கையில் எடுத்துப் பார்க்கட்டும். நீங்கள் பேச வேண்டாம், பின்னாலேயே நடந்து எழுதிக்கொள்ளுங்கள்.