வட சென்னையில் இருக்கும் குழந்தைக்கு ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி தேவையா?

கொருக்குப்பேட்டையில் இருக்கிறீர்கள், குழந்தைக்கு 9 மாதம் முடிகிறது, லீவு விட்டால் கடலூர் பக்கம் அம்மா வீட்டுக்குப் போவீர்கள், ஜேஇ (ஜப்பானிய மூளைக்காய்ச்சல்) ஊசி போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போட்டுவிடுங்கள். நான் திருவொற்றியூர், எனக்கும் சொந்த ஊர் குறிஞ்சிப்பாடிப் பக்கம்தான். என் இரண்டு பிள்ளைகளுக்கும் போட்டிருக்கிறேன்.

நம் ஏரியாவில் எல்லோரும் பக்கிங்காம் கால்வாயையும் கரையில் மேயும் பன்றிகளையும் பார்த்துத்தான் பயப்படுகிறோம். பன்றி உடம்பில் இந்த வைரஸ் பெருகுவது உண்மை. ஆனால் அதைப் பரப்பும் கியூலெக்ஸ் வகைக் கொசு முக்கியமாக நெல் வயலில் தேங்கும் தண்ணீரில் முட்டையிடுவது. நம் சாக்கடையில் மொய்க்கும் கொசு பெரும்பாலும் வேறு இனம், யானைக்கால் நோயைப் பரப்புவது. அதனால் ஆதார் கார்டில் இருக்கும் முகவரியைவிட, மழைக்காலத்திலும் அதை அடுத்த மாதங்களிலும் குழந்தை எந்த ஊரில் தூங்குகிறது என்பதுதான் முக்கியம். இந்தியாவில் இந்த நோய் முதலில் கண்டறியப்பட்டதே 1955இல் நம் வேலூரில்தான். கடலூர், விழுப்புரம் பக்கமெல்லாம் இதற்குப் பழக்கப்பட்ட மாவட்டங்கள்.

"ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்டிருக்காங்க, நம்ம பிள்ளைக்கு எப்படி வரும்?" என்று என் மாமியார் கேட்டார். தட்டம்மைக்கு அந்தக் கணக்கு ஓரளவு சரி. ஜேஇக்குச் சரியே இல்லை. இது ஒரு மனிதரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. வைரஸ் குடியிருப்பது கொக்கு, நாரை, பன்றியில். சுற்றி நூறு பிள்ளைகள் ஊசி போட்டிருந்தாலும் போடாத உங்கள் பிள்ளைக்கு அதனால் ஒரு பாதுகாப்பும் கிடைக்காது. அவரவர் உடம்பில் இருந்தால்தான் உண்டு.

வைரஸ் உடம்பில் ஏறியவர்களில் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகத்தான் மூளைக்காய்ச்சல் வரும். வந்துவிட்டால் கொடுமை. வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. பத்தில் மூன்று பேர் வரை இறந்துபோகிறார்கள், பிழைப்பவர்களிலும் பலருக்கு வலிப்பு, கை கால் முடக்கம், பேச்சு இழப்பு என்று ஏதாவது ஒன்று தங்கிவிடுகிறது. எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு பையன். பிழைத்துவிட்டான், ஆனால் வளர்ந்த பிறகும் அவன் அம்மாதான் சோறு ஊட்டுகிறார். அவர் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் இந்த ஊசியைத் தள்ளிப்போட மாட்டார்கள்.

அரசு அட்டவணையில் இது நோய் அதிகமுள்ள மாவட்டங்களுக்கு மட்டும். 9 முதல் 12 மாதத்துக்குள் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடும் அதே நாளில் போடலாம். புதன்கிழமை உங்கள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது நர்ஸம்மாவிடம் ஊர்ப் பயணத்தையும் சொல்லிக் கேளுங்கள். அங்கே இல்லையென்றால் தனியார் குழந்தை மருத்துவரிடம் ஜென்வாக், ஜீவ் என்று இரண்டு உண்டு. இரண்டும் செயலிழக்கச் செய்த வைரஸில் தயாரானவை, ஒரு வயது முடிந்த பிறகுதான் போடுவார்கள், 28 நாள் இடைவெளியில் இரண்டு தவணை. கிளம்புவதற்கு முதல் நாள் ஓடினால் பலனில்லை. இரண்டாவது ஊசி முடிந்து ஒரு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். அதற்குள் ஊருக்குப் போகவேண்டி வந்தால் பொழுது சாயும்போதே குழந்தையைக் கொசுவலைக்குள் விட்டுவிடுங்கள். இந்தக் கொசு கடிப்பது அந்தியிலும் இரவிலும்தான்.

பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் ஊசி) போட்டாச்சு, அதிலேயே மூளைக்காய்ச்சலும் அடக்கம் என்று சிலர் சொல்வார்கள். அது பாக்டீரியாவால் வரும் வேறு மூளைக்காய்ச்சலுக்கு. அதேபோல ஜேஇ ஊசி டெங்குவைத் தடுக்காது.

வீட்டில் பெரிய பிள்ளை இருந்து, அதற்கு இந்த ஊசி போடாமல் விட்டுப்போயிருந்தால் அதற்கும் கேளுங்கள், அரசுத் திட்டத்தில் 15 வயது வரை இடமுண்டு.

ஊரிலிருந்து திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோடு வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத தூக்கம் என்று எது வந்தாலும் மெடிக்கலில் மருந்து வாங்கிக் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். நேராக ஸ்டான்லிக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள். வயல் பக்கம் தங்கி வந்ததை டாக்டர் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள்.