ஆடியில் வைத்த தக்காளி ஏன் காய்க்கவில்லை?

கேள்வி: பெரம்பூரில் மொட்டைமாடியில் இருபது பைகளில் இயற்கை முறையில் காய்கறி வளர்க்கிறேன். ஆடிப்பட்டம் என்று வெண்டை, புடலை, தக்காளி, கத்தரி, மிளகாய் எல்லாம் ஒன்றாக வைத்தேன். வெண்டை நன்றாகக் காய்த்தது. தக்காளி மட்டும் பூத்துப் பூத்து உதிர்கிறது. போன வருடம் நவம்பர் மழையில் பாதிச் செடிகள் அழுகின. மே மாதம் மீதியும் காய்ந்துபோயின. இப்போது புரட்டாசி. இனி என்ன செய்வது?

பதில்: அம்மா, உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை. வெண்டை காய்த்ததே அதற்குச் சாட்சி. தக்காளியை மாதம் தவறி வைத்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது வெண்டைக்கும் கொத்தவரைக்கும் கொடிக்காய்களுக்கும் சென்னையிலும் பொருந்தும். ஆடியில் ஊன்றிய வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கி, பெருமழை வருவதற்குள் பலன் கொடுத்து முடித்துவிடும். தக்காளியின் கணக்கு வேறு. இரவு வெப்பம் 15 முதல் 20 டிகிரி வரை இருந்தால்தான் அதில் காய் நன்றாகப் பிடிக்கும். ஆவணி, புரட்டாசியில் சென்னை இரவு 25 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. அந்தப் புழுக்கத்தில் மகரந்தம் வலுவிழக்கிறது, பூ உதிர்கிறது. இதற்கு எந்தக் கரைசல் தெளித்தும் பெரிய பலன் இருக்காது. பூ உதிர்கிறதே என்று உரத்தைக் கூட்டுகிறவர்கள் நிறைய பேர். இலைதான் தழைக்குமே தவிர காய் வராது.

நம் ஊருக்குத் தக்காளிப் பருவம் தை, மாசி. ஜனவரியில் இரவு வெப்பம் 20, 21 டிகிரிக்கு இறங்கும். அந்தச் சமயத்தில் செடி பூவோடு நிற்க வேண்டும். அதற்கு நவம்பர் இரண்டாம் வாரம், அதாவது ஐப்பசிக் கடைசியில், குழித்தட்டில் விதை போடுங்கள். தட்டை மழை படாத, ஆனால் வெளிச்சம் வரும் இடத்தில் வையுங்கள். பால்கனி ஓரம் போதும். 25 நாள் நாற்றை டிசம்பர் இரண்டாம் வாரம் பைக்கு மாற்றினால் பொங்கலை ஒட்டிப் பூக்கும். மாசி, பங்குனியில் பறிக்கலாம். பெரியகுளம் 1 ரகம் வெயிலையும் ஓரளவு தாங்கும். காலையில் பூங்கொத்தை விரலால் லேசாகத் தட்டிவிடுங்கள், காய்ப்பிடிப்பு கூடும்.

இப்போது பையில் நிற்கும் தக்காளியை எடுத்துவிடலாம். மனசு கேட்காதுதான், ஆனால் மழை வரும்போது நோய் முதலில் அதில்தான் இறங்கும். கத்தரி, மிளகாயைப் பிடுங்க வேண்டாம். மழையை ஒருவழியாகத் தாங்கி நின்றால் மார்கழியில் கவாத்து செய்து, அதாவது கிளைகளை வெட்டிவிட்டு, பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போடுங்கள். புதுத் துளிர் விட்டுக் காய்க்கும்.

அடுத்தது மழை. சென்னைக்கு ஒரு வருடத்தில் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. வயலில் தண்ணீர் வடிய வாய்க்கால் உண்டு, பையில் நான்கு துளைதான். அதையும் வேர் அடைத்துக்கொள்ளும். என் மாடியில் ஒரு கார்த்திகையில் அப்படித்தான் நடந்தது. பையைத் தூக்கினால் சேறு, வேரெல்லாம் பழுப்பாக அழுகியிருந்தது. அன்றிலிருந்து பையின் பக்கவாட்டிலும் அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் துளை போடுகிறேன். பைகளைச் செங்கல் மேல் தூக்கி வைக்கிறேன். இந்த வாரமே நீங்களும் செய்துவிடுங்கள். தென்னை நார்க்கழிவு பாதிக்கு மேல் இருக்கும் பைதான் மழையில் அதிகம் பாதிக்கும், அது தண்ணீரை விடாது. இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு நார்க்கழிவு, ஒரு பங்கு மண்புழு உரம் என்ற கலவை நம் ஊர் மழைக்கு ஒத்துவரும்.

வேர் அழுகலுக்கு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையை மண்புழு உரத்தில் கலந்து, ஈரம் தெளித்து ஒரு வாரம் நிழலில் வைத்து, பிறகு பைகளில் போடுங்கள். மழைக்கு முன்பே போட வேண்டும், அழுகிய பிறகு போட்டுப் பயனில்லை. அடைமழை நாட்களில் பஞ்சகவ்யா, மீன் அமிலம் போன்ற ஊட்டக் கரைசல் எதுவும் ஊற்ற வேண்டாம், எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். மழை விட்ட பிறகு 3 சதவீதம், அதாவது லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா கொடுக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் எல்லாப் பைகளிலும் பயிர் இருந்தாக வேண்டும் என்பதில்லை. பொன்னாங்கண்ணி, கொடிப்பசலை, வல்லாரை மூன்றும் மழைக்கு அஞ்சாதவை, வீட்டுக்கு அது போதும். புயல் அறிவிப்பு வந்தால் பந்தல் கயிற்றை ஒருமுறை பாருங்கள். 2016 டிசம்பரில் வர்தா வந்தபோது நகரத்தில் பெரிய மரங்களே சாய்ந்தன.

மே மாதத்துக்கு என் கருத்து கொஞ்சம் கண்டிப்பானது. கத்திரி வெயிலில் காய்கறியோடு போராடாதீர்கள். சித்திரை பிறக்கும் முன்பே 50 சதவீத நிழல்வலை கட்டி, அதன் கீழ் கீரையும் புதினாவும் மட்டும் வையுங்கள். மற்ற பைகளில் தட்டைப்பயறு விதைத்து, பூக்கும் சமயத்தில் பிடுங்கி அதே மண்ணில் மடக்கிவிட்டால் ஆடிக்கு உரமாகும். மாடியில் செம்பருத்தி இருந்தால், அதில் மாவுப்பூச்சி வருவதும் அப்போதுதான். எறும்பு ஊர்ந்தால் உடனே இலையடியைப் பாருங்கள். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிட்டு, மாலையில் லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெயைக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலோடு கலந்து தெளியுங்கள். ஐந்து நாள் கழித்து இன்னொரு முறை தெளிக்க வேண்டும், முதல் தடவையிலேயே போகாது.

தண்ணீர் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் போர் தண்ணீர் என்றால் கோடையில் மண் மேல் வெள்ளையாகப் படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் அது உப்பு. மேல் மண்ணை ஒரு அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து போர் தண்ணீரோடு சரிபாதி கலந்து ஊற்றுங்கள். ஆர்ஓ இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரில் உப்பு இன்னும் அதிகம், அதைச் செடிக்குக் காட்ட வேண்டாம்.