இரண்டு கண்ணால் பார்த்தவருக்கு

கேள்வி: 'நாம் பார்ப்பதில் பாதி மூளையின் ஊகம்தான்' என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். என் இரண்டு கண்ணாலும் பார்த்ததை ஊகம் என்றால் எப்படி? கண் கேமரா மாதிரி. படம் பிடிக்கிறது, மூளைக்கு அனுப்புகிறது. எளிய விஷயத்தை ஏன் குழப்புகிறீர்கள்?

பதில்: நான் 'பாதி' என்று எழுதவில்லை. 'பெரும்பகுதி' என்றுதான் அச்சாகியிருக்கிறது. அதையும் இரண்டு கண்ணாலும்தான் படித்தீர்களா?

சரி, கேமராவுக்கு வருவோம். இரண்டு கட்டைவிரல்களையும் கை நீள தூரத்தில் ஒட்டினாற்போல் நிமிர்த்திப் பிடியுங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் இடது விரல் நகத்தையே பாருங்கள். பார்வையை நகர்த்தாமல் வலது விரலை மெல்ல வலப்பக்கம் கொண்டு போங்கள். சுமார் 15 செ.மீ. தள்ளியதும் விரல் நுனி காணாமல் போகும். பார்வை நரம்பு விழித்திரையைத் துளைத்து வெளியேறும் இடத்தில்தான் அப்போது அதன் பிம்பம் விழுகிறது. ஒளியை உணரும் செல் ஒன்றுகூட அங்கே கிடையாது. மரியோத் என்ற பிரெஞ்சுக்காரர் 1660-களில் கண்டுபிடித்துச் சொன்னார். அதுவரை பிறந்து வளர்ந்து செத்த அத்தனை பேருக்கும் இந்த ஓட்டை இருந்தது, தெரியவில்லை.

விரல் மறைந்த இடத்தில் என்ன தெரிந்தது? கறுப்புப் புள்ளியா? இல்லை. பின்னால் இருக்கும் சுவர் அங்கேயும் நீண்டது. அந்தத் துண்டுச் சுவரை உங்கள் கண் பார்க்கவே இல்லை. சுற்றுப்புறத்தை வைத்து மூளை பூசி மெழுகிய இடம் அது. எது பார்த்தது, எது பூசியது என்று அது அடையாளம் வைப்பதும் இல்லை. எனக்கு வியப்பு இங்கேதான். 'நான் நன்றாகப் பார்த்தேன்' என்ற உங்கள் உறுதியையும் அதே மூளைதான் தருகிறது.

இன்னொன்று. ஒரு கண்ணில் ஒளியை உணரும் செல்கள் சுமார் 10 கோடி. அங்கிருந்து மூளைக்குப் போகும் நரம்பிழைகள் சுமார் 10 லட்சம். கண்ணிலேயே சுருக்கி, வடிகட்டி, குறிப்பெழுதித்தான் அனுப்புகிறது. அப்படிப்பட்ட கேமராவை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா? 'ஊகம்' என்ற சொல்லும் என் கைச்சரக்கில்லை. பார்வை என்பது நாம் அறியாமல் நடக்கும் ஊகம் என்று ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார்.

அப்போ எல்லாமே பொய்யா என்று அடுத்த கடிதம் போட்டுவிடாதீர்கள். ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது, தவறினால் உலகம் உடனே திருத்தும். இருட்டில் படியிறங்கும்போது இன்னொரு படி இருப்பதாக நினைத்துக் காலை வைத்து, தரையில் 'தொம்'மென்று மோதியிருப்பீர்களே, அதுதான் திருத்தம்.

படிக்கும்போதும் கண் எல்லாச் சொல்லிலும் நிற்பதில்லை, தாவித் தாவித்தான் போகிறது. எதிர்பார்த்த சொல்லை நடுவில் செருகிக்கொள்வது சுலபம். சென்ற இதழை மறுபடி எடுங்கள்: 14-ஆம் பக்கம், இரண்டாம் பத்தி.