மலைப்பாம்பு ஆளை விழுங்குமா, அண்ணாச்சி?

இந்தோனேசியாவில் ஆளை விழுங்கிய மலைப்பாம்பு வீடியோ மறுபடியும் ஊரெல்லாம் சுற்றுகிறது. இந்த வாரம் வந்த கேள்வியெல்லாம் அதைப் பற்றித்தான். பாபநாசம் பக்கம் இருபது வருஷமாகப் பாம்பு பிடித்து வனத்துறையிடம் ஒப்படைத்து வருகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்தச் சம்பவம் நிஜமா அண்ணாச்சி? நம்ம மலையிலும் நடக்குமா? (அம்பாசமுத்திரம்)

நிஜம்தான். 2017 மார்ச்சில் சுலவேசித் தீவில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குப் போன 25 வயது இளைஞரை ஏழு மீட்டர்ப் பாம்பு விழுங்கியது. அடுத்த வருஷம் மூனா தீவில் 54 வயதுப் பெண் ஒருவர். ஆனால் அது வேறு இனம். நம் நாட்டில் நிக்கோபார் தீவுகளில் உண்டு, களக்காடு முண்டந்துறைக் காட்டில் கிடையாது. இங்கே இருப்பது இந்திய மலைப்பாம்பு. பத்துப் பன்னிரண்டு அடி இருந்தாலே பெரிசு. வளர்ந்த ஆளின் தோள் அகலம் அதன் வாய்க்கு அடங்காது.

மூச்சை இழுத்தே ஆட்டைப் பக்கத்தில் கொண்டுவந்து, எலும்பை நொறுக்கிவிடும் என்பார் எங்கள் ஆச்சி. (கடையம்)

எங்கள் ஆச்சியும் இதையேதான் சொன்னாள்! மூச்செல்லாம் இழுக்காது. தடத்தோரம் அசையாமல் கிடக்கும். உதட்டுக் குழிகளால் உடம்புச் சூட்டை உணர்ந்து ஒரே பாய்ச்சலில் கவ்வும். எலும்பை நொறுக்குவதும் இல்லை. சுற்றி இறுக்கினால் சில நொடிகளில் ரத்த ஓட்டம் நின்றுபோகும். 2015இல் எலிகளை வைத்து இதை அளந்தே பார்த்துவிட்டார்கள்.

வாழைத் தோட்டத்து மடையோரம் மலைப்பாம்புக் குட்டி சுருண்டு கிடந்தது. பையன்கள் கையாலேயே சாக்கில் போட்டார்கள். விஷம் இல்லைதானே? போட்டோ அனுப்பியிருக்கிறேன். (சேரன்மகாதேவி)

தம்பி, போட்டோவைப் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. அது கண்ணாடி விரியன். சாக்கைத் தொடாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

முதுகைப் பாருங்கள்: கறுப்பு விளிம்பு வைத்த வட்டங்கள் மூன்று வரிசையாக, சங்கிலி கோத்த மாதிரி ஓடுகின்றன. மலைப்பாம்பின் திட்டுகள் சிந்திய சாயம் போல ஒழுங்கில்லாமல் இருக்கும், தோல் வழவழவென்று மின்னும். விரியனுக்குச் சொரசொரப்பு. சீறினால் குக்கர் விசில் கேட்கும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படித்தான் கடி வாங்கி, "மலைப்பாம்புக் குட்டிதானே" என்று படுத்துவிட்டார். விடியும்போது ஈறில் ரத்தம், அப்புறம் சிறுநீர் நின்று டயாலிசிஸ் வரை போனது. கடித்தால் கீறாதீர்கள், கட்டுப் போடாதீர்கள். விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே போங்கள். நம் வட்டாரத்தில் மலைப்பாம்பால் வரும் பெரிய ஆபத்து இந்தப் பெயர்க் குழப்பம்தான்.

ஆட்டுக்குட்டியை விழுங்கிவிட்டுக் கிடையோரம் கிடக்கிறது. அடிக்கலாமா? நெய் எடுத்தால் மூட்டுவலிக்கு ஆகுமாமே? (களக்காடு)

குட்டி போன வருத்தம் புரிகிறது. அடித்தால் கக்கும், குட்டி உயிரோடு வராது. வனஉயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர், கொன்றால் மூன்று வருஷத்துக்குக் குறையாத சிறை. நெய் பற்றிய பேச்சு சும்மா கதை. வனத்துறையையோ தீயணைப்புத் துறையின் 101ஐயோ கூப்பிடுங்கள்.

மலைப்பாம்பு கடித்தால்? (விக்கிரமசிங்கபுரம்)

சோப்புப் போட்டுக் கழுவி, டிடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள். கவ்வியிருக்கும்போது மட்டும் கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது, பல்லெல்லாம் உள்நோக்கி வளைந்தவை. நான் இழுத்தேன். இடது மணிக்கட்டில் அரைவட்டமாகத் தழும்பு இன்னும் இருக்கிறது.